ஓடும் ரெயிலில் தாவிய ஹெலன்

ஒரு ரெயில் நிலையம். அதன் கூரை மேல் ஒரு பெண் நிற்கிறாள். தூரத்தில் ரெயில் வருகிறது. நிற்பதற்காக வேகத்தைக் குறைத்து வரும் ரெயில் அல்ல அது. போகப் போக வேகம் பிடித்து வரும் ரெயில்!

கூரைக்கும் ரெயில் பெட்டியின் தலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை முன்பே அளந்து வைத்து இருந்தார்கள். ரெயிலை நிறுத்தி வைத்து, அந்தப் பெண் குதித்துப் பழகியும் இருந்தாள். ஆனால் நிற்கும் ரெயில் வேறு, ஓடும் ரெயில் வேறு அல்லவா?

காமிரா சுழன்றது. பெண் குதித்தாள்.

பெட்டியின் மேல் சரியாகத்தான் விழுந்தாள். ஆனால் ஓட்டத்தின் வேகம் அவளை உருட்டி விட்டது. உருண்டு உருண்டு பெட்டியின் விளிம்புக்கே வந்து விட்டாள். நல்ல வேளையாக, காற்றுப் போவதற்காகப் பெட்டியின் மேல் வைத்திருந்த குழாய் ஒன்று கையில் சிக்கியது. அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டாள்.

மற்றவர்களாக இருந்தால், "பிழைத்தது புண்ணியம்" என்று மேலே ஏறி உட்கார்ந்து இருப்பார்கள். இந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. காமிராதான் இன்னும் ஓடிக்கொண்டு இருக்கிறதே! காட்சி இன்னும் திகிலாக இருக்கட்டும் என்று தன் உடம்பைப் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டாள்!

அவளுக்கு ஏற்பட்டது சில சிராய்ப்புக் காயங்கள் மட்டுமே. அது 1915-ம் ஆண்டு. படத்தின் பெயர், "ஏ கேர்ள்ஸ் கிரிட்". "ஒரு பெண்ணின் நெஞ்சுரம்" என்று அதற்குப் பொருள். குதித்தவர் ஹெலன் கிப்சன்.

ஆனால் பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ஹெலனும் அல்ல, கிப்சனும் அல்ல. அந்த இரண்டு பெயர்களும் எப்படி வந்தன, வந்த பெயர் எப்படி மறைந்தது என்பதே ஒரு சினிமாக் கதை மாதிரி இருக்கிறது.

பையனாக வளர்ந்த பெண்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து என்று ஒரு தொழில் நகரம் உண்டு. அங்கே 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி ரோஸ் பிறந்தாள். முழுப்பெயர், ரோஸ் ஆகஸ்ட் வெங்கர். குடும்பத்தில் 5 பெண்கள். ஆண் பிள்ளை இல்லையே என்று அப்பாவுக்கு ஒரு குறை. அந்தக் குறை தீர, ரோசை அவர் பையன் மாதிரியே வளர விட்டார். மரம் ஏறுவதையும், ஓடுவதையும், பையன்களோடு விளையாடுவதையும் தடுக்கவில்லை.

5 பெண்களைப் பெற்றுவிட்டு இப்படி ஒருத்தியை அவிழ்த்து விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று எத்தனை அப்பாக்கள் யோசித்து இருப்பார்கள்! ரோசின் அப்பா யோசிக்கவில்லை.

1909-ம் ஆண்டு கோடையில் கிளீவ்லாந்துக்கு ஒரு "காட்டு மேற்கு" கூத்து வந்தது. சர்க்கஸ் மாதிரி இதுவும் ஊர் ஊராகப் போகும் கூட்டம்தான். ஆனால் இதில் சிங்கம், புலி கிடையாது. குதிரைச் சவாரி, சுருக்குக் கயிறு வீசுதல், மாட்டைப் பிடித்து அடக்குதல், செவ்விந்தியர்களோடு பொய்ச்சண்டை, இவைதான் வேடிக்கை. அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் மாடு மேய்த்த "கவுபாய்"களின் வாழ்க்கையைக் கிழக்கு நகரத்து மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

ரோசும் பார்த்தாள். அவ்வளவுதான், மனம் அதிலேயே நின்றுவிட்டது.

அந்த நாளில் மில்லர் சகோதரர்களின் "101 பண்ணை" என்ற புகழ் பெற்ற கூட்டம் ஒன்று இருந்தது. ஓக்லஹோமா மாநிலத்தில் மிகப்பெரிய மாட்டுப் பண்ணை வைத்து இருந்த குடும்பம் அது. "பெண் சவாரிக்காரர்கள் தேவை" என்று அவர்கள் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். ரோஸ் விண்ணப்பம் போட்டாள். அப்போது அவளுக்குக் குதிரைச் சவாரியே தெரியாது! 17 வயதுப் பெண்ணின் துணிச்சலைப் பாருங்கள்.

கைக்குட்டை வித்தை

பண்ணைக்காரர்கள் ரோசைச் சேர்த்துக் கொண்டார்கள். சவாரி கற்றுக் கொடுத்தார்கள். ரோஸ் கற்றுக்கொண்ட வித்தைகளில் முக்கியமானது, நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரை மேல் இருந்தபடியே, தரையில் கிடக்கும் கைக்குட்டையைக் குனிந்து எடுப்பது.

கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும். அமெரிக்கச் சேணத்தின் முன்பக்கத்தில் கொம்பு மாதிரி ஒரு பிடி இருக்கும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சேணத்தின் மேல் மடித்துக் கோத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் குதிரையின் பக்கவாட்டில் தலைகீழாகச் சரிக்க வேண்டும். அப்போது தலை, குதிரையின் குளம்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும். கண்ணில் மண் அடிக்கும். கைக்குட்டையை எடுத்தால் மட்டும் போதாது. மறுபடியும் நிமிர்ந்து உட்காரவேண்டும். பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவை இல்லை.

"குதிரை தலையில் உதைத்து விடும், ஜாக்கிரதை" என்று அனுபவசாலிகள் எச்சரித்தார்கள். ரோஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்படி எல்லாம் மற்றவர்களுக்கு நடக்கலாம், எனக்கு நடக்காது என்று அப்போது நம்பினேன்" என்ற கருத்தில், வயதான காலத்தில் அவரே எழுதினார்.

1910-ம் ஆண்டு செயிண்ட் லூயிஸ் நகரத்தில் முதல் ஆட்டம். அடுத்த ஆண்டும் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1911-ம் ஆண்டு ஆட்டக்காலம் முடிந்தபோது கூட்டம் கலிபோர்னியாவில், கடற்கரை ஓரத்து வெனிஸ் நகரத்தில் வந்து நின்றது.

அங்கேதான் சினிமா காத்துக்கொண்டு இருந்தது.

கூட்டத்தோடு விலைக்கு!

அப்போது சினிமா பேசாத படமாக இருந்த காலம். ஆலிவுட்டில் பெரிய ஸ்டூடியோக்கள் எழும்பவில்லை. தாமஸ் இன்ஸ் என்ற தயாரிப்பாளர் கவுபாய் படங்கள் எடுக்க விரும்பினார். அதற்குக் குதிரைகள் வேண்டும், கவுபாய்கள் வேண்டும், செவ்விந்தியர்கள் வேண்டும், வண்டிகளும் கூடாரங்களும் வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடினால் எப்போது படம் எடுப்பது? குளிர்காலத்தில் வேலை இன்றி நின்ற 101 பண்ணைக் கூட்டத்தை அவர் அப்படியே, ஆளும் குதிரையுமாக, வாரம் 2,500 டாலருக்குப் பேசி எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து மதிப்பில் ஒரு டாலர் ஏறக்குறைய 3 ரூபாய். கூட்டத்துக்கு 2,500 டாலர் என்றால், சவாரிக்காரி ரோசுக்கு எவ்வளவு? வாரத்துக்கு 8 டாலர்! குதிரைகள் வெனிஸ் நகரத்தில் கட்டி இருந்தன. படம் எடுத்த இடமோ டோபாங்கா பள்ளத்தாக்கு. தினமும் காலையில் 5 மைல் குதிரையிலேயே போகவேண்டும். பகல் முழுவதும் காமிரா முன்னால் சவாரி. மாலையில் மறுபடியும் 5 மைல்.

1912-ம் ஆண்டு "ராஞ்ச் கேர்ள்ஸ் ஆன் எ ராம்பேஜ்" என்ற படத்தில் ரோசுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடம் கிடைத்தது. கதாநாயகி ரூத் ரோலண்டுக்குச் சகோதரி. சம்பளம் வாரம் 15 டாலர் ஆயிற்று.

அறை கிடைக்காததால் கல்யாணம்

படம் இல்லாத நாட்களில் ரோஸ் சும்மா இருக்கவில்லை. "ரோடியோ" என்ற குதிரைப் பந்தய விழாக்களுக்குப் போனார். முரட்டுக் குதிரையை அடக்குவதும், காளையை மடக்குவதும் இந்த விழாக்களின் போட்டிகள். நம் ஊர் மஞ்சுவிரட்டைப் போல அங்கும் ஊரே கூடிவிடும். ஓரிகன் மாநிலத்தில் பெண்டில்டன் என்ற ஊரின் விழா மிகவும் பேர் போனது.

1913-ம் ஆண்டு அந்த ஊரில் ஹூட் கிப்சன் என்ற வாலிபரைச் சந்தித்தார். ஹூட் முந்தின ஆண்டு அதே ஊரில் எல்லாப் போட்டிகளுக்கும் சேர்த்துத் தரும் பெரிய பட்டத்தை வென்றவர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே தொழில்.

விழாக் கூட்டத்தில் தங்குவதற்கு அறை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கணவன்-மனைவியாக வந்தவர்களுக்குத்தான் முதலில் அறை கொடுத்தார்கள். தனி ஆட்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். ஹூட்டும் ரோசும் யோசித்தார்கள். கல்யாணம் செய்துகொண்டார்கள்! உலகத்தில் எத்தனையோ காரணங்களுக்காகக் கல்யாணம் நடக்கிறது. அறைக்காக நடந்த கல்யாணம் அபூர்வம்தான்.

இப்படியாக ரோஸ் வெங்கர், ரோஸ் கிப்சன் ஆனார். பாதிப் பெயர் வந்துவிட்டது.

இன்னொரு ஹெலன்

கணவனும் மனைவியும் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வந்து படக் கம்பெனிகளில் வேலை தேடினார்கள். காலெம் என்ற கம்பெனி, "தி ஹசார்ட்ஸ் ஆப் ஹெலன்" என்ற தொடர் படத்தை எடுத்துக்கொண்டு இருந்தது. "ஹெலனின் ஆபத்துகள்" என்று சொல்லலாம். 1914-ம் ஆண்டு நவம்பரில் ஆரம்பித்து 1917-ம் ஆண்டு பிப்ரவரி வரை, வாரம் ஒரு படம் வீதம் 119 படங்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஒரே ரீல். கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை.

கதை இதுதான்: ஹெலன் ஒரு சிறிய ரெயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் வேலை பார்க்கும் பெண். கொள்ளைக்காரர்கள் வருவார்கள். அல்லது டிரைவர் இல்லாமல் என்ஜின் ஓடிவிடும். ஹெலன் குதிரை மேலோ, மோட்டார் சைக்கிள் மேலோ பாய்ந்து துரத்துவாள். ரெயிலில் தாவுவாள். பெட்டிகளின் மேல் ஓடிச் சண்டை போடுவாள். முடிவில், காப்பாற்றியவள் ஹெலன், காப்பாற்றப்பட்டவர்கள் ஆண்கள்!

இந்த ஹெலனாக நடித்த நடிகையின் பெயரும் ஹெலன்தான். ஹெலன் ஹோம்ஸ். படத்தில் ரோசுக்குக் கிடைத்தது சில்லறை வேடம். பிறகு ஹெலன் ஹோம்சுக்கு "டூப்" போடும் வேலை. ஆபத்தான காட்சியில் நட்சத்திரத்தின் உடையைப் போட்டுக்கொண்டு, முகம் தெரியாமல் நடிப்பவரையே சினிமாக்காரர்கள் "டூப்" என்கிறார்கள்.

1915-ம் ஆண்டு ஹெலன் ஹோம்சும், டைரக்டரான அவர் கணவரும் காலெம் கம்பெனியை விட்டு வெளியேறித் தனியாகப் படம் எடுக்கப் போனார்கள். தொடர் பாதியில் நின்றது. கொட்டகைக்காரர்கள் அடுத்த வாரம் படம் எங்கே என்று கேட்பார்களே! கம்பெனி அதிகம் யோசிக்கவில்லை. தாவுவது, குதிப்பது எல்லாவற்றையும் அறிந்த ரோசையே கதாநாயகி ஆக்கியது. ஆனால் ரசிகர்களுக்கு "ஹெலன்" என்ற பெயர்தானே பழக்கம்? ஆகவே, "இனி உன் பெயர் ஹெலன்" என்று சொல்லி விட்டார்கள்.

ஹெலன், போன நடிகையின் பெயர். கிப்சன், புருஷனுடைய பெயர். இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டுதான் ரோஸ் நட்சத்திரம் ஆனார்.

119 படங்களில் சுமார் 70 படங்கள் ஹெலன் கிப்சன் நடித்தவை. ரெயில் கூரைத் தாவல் அவற்றில் ஒன்று. வேறொரு காட்சிக்கு யோசனை சொன்னவரே ஹெலன்தான். இரண்டு குதிரைகள் ஜோடியாக நாலுகால் பாய்ச்சலில் ஓடும். ஹெலன் உட்கார்ந்து இருக்கமாட்டார். ஒரு கால் ஒரு குதிரை முதுகிலும், மறு கால் இன்னொரு குதிரை முதுகிலும் வைத்து நின்றுகொண்டே வருவார். வழியில் ஒரு பாலம். பாலத்தில் இருந்து ஒரு கயிறு தொங்குகிறது. அதை எட்டிப் பிடித்து, ஊஞ்சல் ஆடுவதுபோல் ஆடி, ஓடும் ரெயிலில் போய் விழவேண்டும்! அதையும் செய்தார்.

மோட்டார் சைக்கிளில் செய்த வித்தையும் லேசானது அல்ல. ஓடிப்போகும் சரக்கு ரெயிலைத் துரத்தி வருகிறார். எதிரே இருந்த மரக் கேட்டை உடைத்துத் தூளாக்குகிறார். பிளாட்பாரத்தில் ஏறுகிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற பெட்டியின் ஒரு வாசலில் புகுந்து மறு வாசல் வழியாக வெளியே பறக்கிறார். வண்டியோடு அந்தரத்தில் போய், அப்பால் ஓடிக்கொண்டு இருந்த ரெயிலின் தட்டையான பெட்டி மேல் இறங்குகிறார்!

இன்று இப்படிக் காட்சி எடுத்தால் உடம்பில் கம்பி கட்டுவார்கள். பிறகு கம்ப்யூட்டரில் கம்பியை அழித்து விடுவார்கள். அன்று அழிப்பதற்குக் கம்பியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. திரையில் தெரிந்தது எல்லாம் நடந்தது. அமெரிக்காவின் முதல் தொழில்முறைச் சண்டைக் காட்சி நடிகை என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் பலர் ஹெலனைக் குறிப்பிடுவது இதனால்தான்.

நம் நாட்டில் சவுக்கு ஏந்திய நாடியா "ஹண்டர்வாலி" படத்தில் குதிரை ஏறி வந்தது 1935-ம் ஆண்டு. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே ஹெலன் ரெயில்களைத் துரத்தத் தொடங்கி விட்டார்.

300 டாலரில் இருந்து பூஜ்யத்துக்கு

1917-ல் காலெம் கம்பெனி படம் எடுப்பதை விட்டது. யுனிவர்சல் கம்பெனி, வாரம் 125 டாலர் சம்பளத்தில் 3 ஆண்டு ஒப்பந்தத்தோடு ஹெலனை அழைத்துக்கொண்டது. 1919-ல் காபிடல் என்ற வேறொரு கம்பெனி 300 டாலர் கொடுத்தது. 8 டாலருக்குத் தினமும் 10 மைல் சவாரி செய்த பெண்ணுக்கு 8 ஆண்டில் 300 டாலர்!

வீட்டில் மட்டும் நிலைமை வேறு. ஹூட் முதல் உலகப் போருக்குப் போய்விட்டுத் திரும்பினார். மனைவி பெரிய நட்சத்திரம், கணவர் அப்போது சாதாரண நடிகர். கொஞ்ச காலத்தில் இருவரும் பிரிந்தனர். அதன்பிறகு சக்கரம் சுழன்றது. ஹூட் கிப்சன் 1920-களில் யுனிவர்சல் கம்பெனியின் முதல் வரிசைக் கவுபாய் நட்சத்திரம் ஆனார். வாரச் சம்பளம் ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறியது.

ஹெலனோ 1920-ல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். பல நட்சத்திரங்களைக் கெடுத்த ஆசை அது. "நோ மேன்ஸ் உமன்" என்ற படத்தை எடுத்தார். பணம் கரைந்தது. கம்பெனி திவால் ஆயிற்று. 1921-ல் "தி உல்வரின்" என்ற படத்தில் கதாநாயகி வேடம் கிடைத்தது. அடுத்த படமும் ஒப்பந்தம் ஆயிற்று. அப்போது பார்த்து வயிற்றில் குடல்வால் வெடித்து, ஆஸ்பத்திரியில் படுத்தார். சினிமா காத்து இருக்குமா? வேறு நடிகையைப் போட்டுப் படத்தை முடித்து விட்டார்கள்.

ரெயிலும் குதிரையும் செய்யாததை வயிற்றுவலி செய்துவிட்டது. எழுந்து வந்தபோது ஹெலனுக்கு வயது 30-ஐ நெருங்கி இருந்தது. கதாநாயகி வேடங்கள் வரவில்லை.

1924-ல் ரிங்லிங் சகோதரர்கள், பார்னம்-பெய்லி சர்க்கஸில் சேர்ந்து, இரண்டரை ஆண்டுகள் குதிரை வித்தை காட்டினார். 17 வயதில் தொடங்கிய இடத்துக்கே 32 வயதில் திரும்பி வந்தார் என்று சொல்லலாம். ஆனால் சோறு போட்டது குதிரைதான். குதிரை அவரை என்றுமே கைவிடவில்லை.

முகம் தெரியாத 30 ஆண்டுகள்

1927-ல் ஹெலன் ஆலிவுட்டுக்குத் திரும்பினார். சினிமா பேசத் தொடங்கிய நேரம். யாருக்கு டூப் போட்டு வாழ்க்கையைத் தொடங்கினாரோ, அந்த இடத்துக்கே வந்தார். மேரி டிரஸ்லர், எட்னா மே ஆலிவர், மே ராப்சன், எத்தல் பாரிமோர் முதலிய பெரிய நடிகைகளுக்கு டூப் போட்டார். இவர்களில் பலர் பருமனான, வயதான நடிகைகள். கிழவி வண்டியில் இருந்து விழ வேண்டும், கிழவி குதிரை மேல் தடுமாற வேண்டும் என்றால் ஹெலனைக் கூப்பிடுவார்கள். காமிரா தூரத்தில் இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதுதான் வேலை. விழுந்து எழுந்தபின், நட்சத்திரம் அதே உடையில் வந்து நின்று, தூசியைத் தட்டிக்கொள்வது மாதிரி நடிப்பார். கைதட்டல் அவருக்கு.

டூப் என்பது பெண்களுக்கு எளிதில் கிடைக்கிற வேலையும் அல்ல. அந்த நாளில் பல கம்பெனிகளில் ஆண்களுக்கே பாவாடை கட்டி, பொய்முடி வைத்து, நடிகைக்குப் பதிலாகக் குதிரை ஏற விட்டார்கள். அவர்களோடு போட்டி போட்டுத்தான் ஹெலன் வேலை வாங்கவேண்டி இருந்தது.

1930-களில் அமெரிக்காவில் பணமுடை. கொட்டகைக்காரர்கள் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். முதல் படம் பெரிய நட்சத்திரப் படம். இரண்டாவது, சிக்கனமாக எடுத்த, ஒரு மணி நேரப் படம். இதற்கு "பி" படம் என்று பெயர். "பி" படங்களில் ஏராளமானவை கவுபாய் படங்கள். ஒரே மலைப்பாதை, ஒரே மதுக்கடைத் தெரு, ஒரே துரத்தல். சில கம்பெனிகள் ஒரு வாரத்துக்குள் ஒரு படத்தை முடித்துவிடும்.

இந்தப் படங்களில் கதாநாயகிக்கு என்ன வேலை தெரியுமா? திண்ணையில் நின்று கவலைப்படுவது! 1915-ல் ரெயிலையே நிறுத்திய கதாநாயகி, 1935-ல் கதாநாயகன் எப்போது வருவான் என்று பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதாநாயகனின் குதிரைக்குக்கூட விளம்பரத் தாளில் பெயர் போட்டார்கள். டாம் மிக்சின் குதிரை டோனி, ஜீன் ஆட்ரியின் குதிரை சாம்பியன், ராய் ராஜர்சின் குதிரை டிரிக்கர் எல்லாம் குழந்தைகளுக்கு மனப்பாடம். சவாரி தெரிந்த பெண்ணுக்கு அந்த மரியாதை அபூர்வம். 1940-ஐ ஒட்டி நெல் ஓடே போன்ற ஒருசில நடிகைகள், தாங்களே பாய்ச்சலாகக் குதிரை விட்டுப் பெயர் வாங்கினார்கள். அது விதிவிலக்கு.

குதிரைகளின் பாடும் அந்தக் காலத்தில் மோசம்தான். முன்னங்கால்களில் மெல்லிய கம்பியைக் கட்டி வைத்து, பாய்ந்து ஓடும்போது சுண்டி இழுத்து விழ வைப்பார்கள். எத்தனையோ குதிரைகள் கழுத்து ஒடிந்து செத்தன. 1939-ம் ஆண்டு வந்த "ஜெஸ்ஸி ஜேம்ஸ்" படத்துக்காக ஒரு குதிரையைச் செங்குத்தான பாறையில் இருந்து தண்ணீரில் தள்ளிக் கொன்றதற்கு நாடு முழுவதும் கண்டனம் கிளம்பியது. அதன்பிறகே கட்டுப்பாடு வந்தது.

ஹெலன் அந்தப் படங்களில் எல்லா வேலையும் செய்தார். கூட்டத்தில் நிற்கும் ஊர்ப்பெண், வண்டி ஓட்டும் குடியானவள், கடைக்கு வரும் அம்மாள், அகப்பட்டது எதுவோ அது. 1936-ல் "கஸ்டர்ஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்" என்ற தொடர் படத்தில் கலாமிட்டி ஜேன் வேடம் கிடைத்தது. ஆண் உடை போட்டு, துப்பாக்கி எடுத்து, குதிரை ஏறித் திரிந்த உண்மையான மேற்கத்திப் பெண் அந்த ஜேன். அந்த வேடத்துக்கு ஹெலனைவிடப் பொருத்தமான ஆள் ஆலிவுட்டில் எத்தனை பேர் இருந்து இருப்பார்கள்?

இதற்கு முந்தின ஆண்டு, ஸ்டூடியோவில் எலெக்ட்ரிக் வேலை பார்த்த ஒருவரை ஹெலன் மறுமணம் செய்துகொண்டார். ஆனாலும் "கிப்சன்" என்ற பெயரை விடவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பெயர்தானே தெரியும்!

1951-ல் "ஆலிவுட் ஸ்டோரி" என்று ஒரு படம் வந்தது. ஊமைப்படக் காலத்து மர்மக் கொலை ஒன்றைப் பற்றிய கதை. பழைய நட்சத்திரங்கள் சிலரைத் தேடிப் பிடித்து அதில் தலைகாட்ட வைத்தார்கள். அவர்களில் ஹெலனும் ஒருவர். ஆனால் ரசிகர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு அவருடைய பழைய படங்கள் எங்கே இருந்தன? 119 "ஹெலன்" படங்களில் மிச்சம் இருப்பவை கொஞ்சமே. அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், மக்கிப் போகும். ஓடி முடிந்த படத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்களும் நினைக்கவில்லை.

கடைசிக் கடிவாளம்

1957-ல் ஹெலனுக்கு லேசான பக்கவாதம் வந்தது. அப்போது வயது 65. அதன்பிறகும் வேலைக்குப் போனார்.

1961-ம் ஆண்டு. டைரக்டர் ஜான் போர்டு, "தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வாலன்ஸ்" என்ற கவுபாய் படத்தை எடுத்துக்கொண்டு இருந்தார். ஜான் வெய்னும், ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் கதாநாயகர்கள். அதில் குதிரைகள் பூட்டிய வண்டி ஒன்றை ஓட்டவேண்டும். கடிவாளத்தைப் பிடித்தவர் 69 வயது ஹெலன் கிப்சன். கூலி 35 டாலர். பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அதுதான் கடைசிப் படம். 1962 ஜனவரியில் ஓய்வு பெற்றார். சினிமாத் தொழிலாளர் நிதியில் இருந்து மாதம் 200 டாலர் பென்ஷன் கிடைத்தது. அதே ஆண்டு, பழைய கணவர் ஹூட் கிப்சன் காலமானார்.

1968-ல், "பிலிம்ஸ் இன் ரெவியூ" என்ற அமெரிக்க சினிமாப் பத்திரிகையில் தன்னுடைய பழைய நாட்களைப் பற்றி ஹெலன் எழுதினார். மில்லர் சகோதரர்களின் பண்ணையையும், டோபாங்கா பள்ளத்தாக்கையும், ரெயில் கூரையையும் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பல, அந்தக் கட்டுரையில் இருந்து வந்தவை.

பிற்காலத்தில் ஓரிகன் மாநிலத்துக்குப் போய், ரோஸ்பர்க் என்ற ஊரில் குடியிருந்தார். அறை கிடைக்காமல் கல்யாணம் செய்துகொண்ட பெண்டில்டனும் அதே மாநிலம்தான். அங்கே 1977-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, தமது 85-வது வயதில் ஹெலன் கிப்சன் இறந்தார்.